வைத்தியசாலையும் நீதிமன்றமும்

(கலகெதரவில் நடைபெற்ற எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழாவில் பேச எழுந்தால் ஆலயத்தைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ பேசுவதே நம் வழக்கம். இம்முறையும் அவ்வாறே பேச எண்ணிச் சில குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தோம். மன்றத்துச் செயலாளர் தம்பி வந்து, "ஐயா, புராணம் அடுத்த வருஷமும் இருக்கும், ஆஸ்பத்திரி விஷயத்தை இந்த வருஷமே பேசிவிடுங்கள்" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இங்கே இருக்கும் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம்.

எமக்குப் பழக்கமான ஒரு குடும்பம். தோட்டத்தையும் சொல்லமாட்டோம், ஆஸ்பத்திரியையும் சொல்லமாட்டோம். அந்தத் தாயார் நாற்பது வருஷம் இறப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். பெயர் பதிவிலிருந்து நின்றபின் வீட்டிலே பேரப்பிள்ளைகள் மூவரையும் வளர்த்துக்கொண்டிருந்தார். குறிப்பிட்ட ஒரு மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அது அவருடைய கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. 2016 ஆம் ஆண்டு காய்ச்சலென்று வார்ட்டில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் ஓர் ஊசி போட்டார்கள். அரை மணித்தியாலத்தில் மூச்சு முட்டி இறந்துபோனார். மகன் கொழும்பிலே கடையில் நிற்பவர். அவர் வந்து சேர்வதற்குள் பிரேதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மறுநாள் தகனம். எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள், எல்லாம் முறைப்படி நடந்தன.

மூன்று வருஷங்கழித்து, 2019 இல், மகன் எம்மிடம் வந்தார். பத்திரிகையில் ஒரு புதுச் சட்டத்தைப் பற்றிப் படித்திருக்கிறார். "ஐயா, அம்மாவுக்கு நடந்ததற்கு இப்போது வழக்குப் போடலாமா?" என்று கேட்டார். கண்டியிலே ஒரு சட்டத்தரணியிடம் அழைத்துச் சென்றோம். அவர் நல்லவர்; பொறுமையாகக் கேட்டார். அவர் கேட்டவை மூன்றே கேள்விகள்.

கொப்பி எங்கே? "அம்மாவின் துணிமணியோடு சேர்த்து எரித்துவிட்டோம்."

இறந்து எவ்வளவு காலம்? "மூன்று வருஷம்."

அம்மா மாதம் எவ்வளவு உழைத்தார்? அதற்கு மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உழைக்கவில்லை ஐயா, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்" என்றார்.

சட்டத்தரணி பேனாவை மூடி வைத்தார். அந்த மூன்றாவது கேள்வியை ஏன் கேட்டார் என்பதைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பேசப்போகிறோம். ஏனென்றால், கொப்பியும் காலமும் நம் கையில் இருப்பவை. மூன்றாவது, சட்டத்தின் கையில் இருந்தது.

நம் நாட்டில் ஒருவர் கவனயீனத்தால் மற்றொருவருக்குத் தீங்கு செய்தால், அதற்கு நட்டஈடு கேட்கும் வழி ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டத்தில் இருக்கிறது. பழைய உரோமாபுரியில், பிறருடைய அடிமையைக் கொன்றவனும் மாட்டைக் கொன்றவனும் சொந்தக்காரனுக்கு விலை கொடுக்கவேண்டும் என்று பிறந்த விதி அது. ஆகவே அது எண்ணுவது பணப் பெறுமதியை. உழைப்பவர் இறந்தால் உழைப்பு போயிற்று, கணக்குப் பார்க்கலாம். உழைக்காத குழந்தை இறந்தால்? பேரப்பிள்ளைக்குத் தலைவாரிவிடும் பாட்டி இறந்தால்? பழைய கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பக்கமே இல்லை.

இதை நாடறியச் செய்த வழக்கு ஒன்று உண்டு. 1992 இல் கொழும்பிலே ஒரு சிறுமி நோயுற்றாள். தந்தையார் றியன்சி அர்சகுலரத்ன, சட்டமா அதிபர் திணைக்களத்தில் பணியாற்றிய சட்டத்தரணி. பிள்ளையைப் பார்த்தவர் பேராசிரியர் பிரியானி சொய்சா, குழந்தை வைத்தியத்தில் நாடு முழுவதும் பெயர் பெற்றவர். வாதக் காய்ச்சலைச் சார்ந்த ஒருவகை நடுக்க நோய் என்று கருதப்பட்டது. உண்மையில் இருந்ததோ மூளைத்தண்டிலே கட்டி. பிள்ளை அவ்வாண்டே இறந்தாள். தந்தை வழக்குத் தொடுத்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 250,000 ரூபாவாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கிவிட்டது.

ஏன் நீக்கியது என்பதை இளைஞர்கள் கவனமாகக் கேட்கவேண்டும். காரணம் இரண்டு. முதலாவது, அந்தக் கட்டி எப்படியும் உயிரைப் பறிக்கும் தன்மையது. நோயை வேறாகக் கருதியதனால்தான் பிள்ளை இறந்தாள், அல்லது சீக்கிரம் இறந்தாள் என்பது நிரூபிக்கப்படவில்லை. இதிலே நாம் குறை சொல்ல இடமில்லை. ஒரு வைத்தியர் தவறினார் என்பது ஒன்று; அந்தத் தவறே தீங்கை விளைத்தது என்பது இன்னொன்று. இரண்டையும் காட்டினாலொழிய எந்த நாட்டு நீதிமன்றமும் நட்டஈடு தராது. இரண்டாவது காரணந்தான் நெஞ்சைத் தைப்பது. பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்கு நம் சட்டத்தில் பெற்றோர் பணம் கேட்க முடியாது, பண நட்டத்துக்கு மாத்திரமே கேட்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. சட்டம் அதுவாக இருந்தபடியால் நீதியரசர்கள் அதைச் சொன்னார்கள். சட்டத்துறையில் ஊறிய ஒரு தந்தையே ஒன்பது ஆண்டுகள் மூன்று நீதிமன்றப் படிகள் ஏறி வெறுங்கையோடு இறங்கினாரென்றால், மலையகத்துத் தொழிலாளி ஒருவர் அந்த முதற்படியிலே கால் வைப்பாரா?

நிற்க. இந்தக் கணக்கு நம் நாட்டுக்கு மாத்திரம் உரியது என்று எண்ணிவிடவேண்டாம். அமெரிக்காவிலே இதே இடத்துக்கு வேறொரு வாசலால் வந்து சேர்ந்தார்கள். அந்த வாசலுக்கு அவர்கள் வைத்த பெயர் தீங்கியல் சட்டச் சீர்திருத்தம். சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டால் நம் மன்றத்து இளைஞர்களுக்கு உடனே கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

1970 களின் நடுப்பகுதியில் கலிபோர்னியா மாநிலத்தில் வைத்தியர்கள் கட்டவேண்டிய காப்புறுதிப் பணம் மிகவும் ஏறிவிட்டது. வழக்குகள் பெருகிவிட்டன, இப்படியே போனால் தொழில் செய்ய முடியாது என்று வைத்தியர்கள் முறையிட்டார்கள். 1975 இல் ஒரு சட்டம் வந்தது. நோயாளியின் வைத்தியச் செலவு, இழந்த சம்பளம் ஆகியவற்றுக்கு எல்லையில்லை. ஆனால் வேதனை, துயரம், துணையிழப்பு என்பவற்றுக்கு என்ன நேர்ந்தாலும் 250,000 டொலருக்கு மேல் இல்லை. அந்தத் தொகை நாற்பத்தேழு வருஷம் ஒரு சதமும் ஏறவில்லை. 2022 இல்தான் சட்டத்தை மாற்றி, 2023 முதல் காயத்துக்கு 350,000, மரணத்துக்கு 500,000 டொலர் என்று உயர்த்தி, ஆண்டுதோறும் ஏறும்படி செய்தார்கள். டெக்ஸாஸ் மாநிலமும் 2003 இல் இத்தகைய எல்லையைப் போட்டது.

இதனால் பலன் இல்லையா என்றால், உண்டு. டெக்ஸாஸில் வழக்குகள் குறைந்தன. வைத்தியர்களின் காப்புறுதிச் செலவும் குறைந்தது. நட்டப்பட்டவர் யார் என்று பாருங்கள். பெருஞ்சம்பளம் வாங்கும் அதிகாரிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருடைய இழந்த சம்பளத்துக்கு எல்லை கிடையாது. சம்பளமில்லாத குழந்தை, ஓய்வுபெற்ற முதியவர், வீட்டைப் பார்க்கும் தாய், இவர்கள் கேட்கக்கூடியதெல்லாம் அந்த எல்லை போட்ட பணந்தான். அங்கே சட்டத்தரணிகள் வென்ற தொகையில் ஒரு பங்கைத்தான் கூலியாகப் பெறுவார்கள். ஆகவே சம்பளமில்லாதவரின் வழக்கை எடுக்கப் பலர் தயங்கினார்கள். உரோமாபுரியின் பழைய விதி எவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதோ, அமெரிக்காவின் புதிய விதியும் அவர்களையே விட்டது. எமது சட்டத்தரணி கேட்ட மூன்றாவது கேள்வியை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துச் சட்டத்தரணியும் கேட்டிருப்பார்.

இப்போது அந்த மகன் பத்திரிகையில் படித்த சட்டத்துக்கு வருவோம். 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம். ஒருவரின் மரணத்துக்கு நட்டஈடு பெறுவது பற்றியது. பிறருடைய தவறினாலோ கவனயீனத்தினாலோ ஒருவர் இறந்தால், நெருங்கிய குடும்பத்தினர் அவருடைய அன்பையும் துணையையும் இழந்ததற்காகவும் நட்டஈடு கேட்கலாம் என்று அது வழி திறந்தது. அமெரிக்காவில் சீர்திருத்தம் என்பது கதவைச் சாத்துவதாக இருக்க, நம் நாட்டில் அது கதவைத் திறந்தது. நம்மவர்கள் எல்லா விஷயத்திலும் பின்தங்கியிருக்கிறோம் என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். 1969 வரை அரசாங்க ஆஸ்பத்திரியில் தவறு நடந்தால் அரசாங்கத்தின் மேல் வழக்கே வைக்க முடியாதிருந்தது. அவ்வாண்டின் 22 ஆம் இலக்கச் சட்டமே அந்தத் தடையை நீக்கியது. ஆக, ஐம்பது வருஷ இடைவெளியில் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன.

திறந்த கதவால் நம்மவர் எத்தனை பேர் போகிறார்கள் என்பதே கேள்வி.

அன்பை எப்படிப் பணத்தால் அளப்பது, அது பாவமல்லவா என்று மன்றத்துப் பெரியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார். அவர் மீது எமக்கு மிகுந்த மரியாதை. ஆனாலும் நாம் அவருக்கு ஒரு சென்னைக் கதையைச் சொன்னோம். 1996 இல் சென்னை எழும்பூர் அரசாங்கத் தாய்சேய் வைத்தியசாலையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. பிறந்து சில வாரங்களில் கண்ணைச் சோதித்தால் காப்பாற்றலாம். சோதிக்கவும் இல்லை, சோதிக்க வேண்டுமென்று பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. பிள்ளை பார்வையை இழந்தது. தந்தை கிருஷ்ணகுமார் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2015 இல் ஏறக்குறைய 1 கோடியே 80 இலட்சம் இந்திய ரூபா கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. அந்தப் பணம் பார்வையின் விலையல்ல. பார்வையில்லாத பிள்ளை பிழைத்திருக்கப்போகும் ஐம்பது அறுபது வருஷத்துக்கு வேண்டிய சிகிச்சைச் செலவையும் விலைவாசி ஏற்றத்தையும் கணக்கிட்டே அந்தத் தொகையின் பெரும்பகுதி விதிக்கப்பட்டது. நட்டஈடு வாங்குவது பாவமென்றால், அந்தப் பிள்ளையைத் தந்தைக்குப் பின் யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பெரியவர்தாம் பதில் சொல்லவேண்டும். சொல்லவில்லை, சிரித்துவிட்டுத் தேநீர் தந்தார்.

இனி மறுபக்கம். வைத்தியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக நாம் இங்கே கூடவில்லை. 2022 இல் வந்த பொருளாதார நெருக்கடியின் பின் எத்தனை வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பதும், ஒரு வார்ட்டில் இரவிலே ஒரு டொக்டரும் இரண்டு மிஸ்மாரும் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார்கள் என்பதும், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவர்களுக்குத் தெரியும். எந்த வைத்தியரும் பிழைவிட வேண்டுமென்று பிழைவிடுவதில்லை. 1957 இல் இலண்டனில் போலம் என்ற நோயாளியின் வழக்கில் சொல்லப்பட்டது முதல், தேர்ந்த வைத்தியர்களில் ஒரு சாரார் சரியென ஏற்கும் முறைப்படி நடந்தவரைக் கவனயீனமானவர் என்று சொல்லலாகாது என்பது பல நாடுகளில் எடுத்தாளப்படும் அளவுகோல். சிகிச்சை பலிக்கவில்லை என்பதற்காக ஒருவரையும் வழக்குக்கு இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது.

அதைவிடக் கொடியது வதந்தி. நம் கலகெதர வழியாக ஓடும் இந்த வீதியிலேயே குருநாகலுக்குப் போனால் அங்குள்ள போதனா வைத்தியசாலையில் 2019 இல் என்ன நடந்தது? டொக்டர் ஷாபி என்பவர் சிங்களத் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகைச் செய்தி கிளம்பியது. அவரைக் கைதுசெய்தார்கள். முறைப்பாடு கொடுக்க நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, அதற்குச் சான்றில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. 2022 இல் நிலுவைச் சம்பளம் கொடுக்கப்பட்டபோது, மருந்துத் தட்டுப்பாட்டால் தவித்த அந்த நாளில், அவர் அப்பணத்தை மருந்து வாங்கவே நன்கொடையாகக் கொடுத்தார். வதந்திக்குக் கொப்பி வேண்டாம், திகதி வேண்டாம், நிபுணர் சாட்சி வேண்டாம். வழக்குக்கு இவையெல்லாம் வேண்டும். நீதிமன்ற வழி சாதாரண சனங்களுக்கு எட்டாமற் போகுமிடத்திலேதான் வதந்தியும், ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பதும் பெருகும் என்பது எமது அபிப்பிராயம்.

நியூசிலாந்திலே 1974 முதல் வேறொரு முறை இருக்கிறது. விபத்தால் வந்த காயமென்றால் யார் குற்றம் என்று பார்க்காமல் ஒரு பொது நிதியிலிருந்து உதவி கொடுக்கிறார்கள். சிகிச்சையால் வந்த தீங்கும் அதில் அடங்கும். அதற்கு ஈடாக நட்டஈட்டு வழக்கு உரிமையைச் சனங்கள் விட்டுக்கொடுத்தார்கள். தோட்டத்துத் தாயாருக்கு அது எவ்வளவோ மேல் என்று எமக்குத் தோன்றுகிறது. ஆனால் நம் திறைசேரியின் நிலையை நினைத்தால், அதைப் பற்றி இந்த மேடையில் நீட்டிப் பேசுவதில் பிரயோசனமில்லை.

ஆகவே நம் கையிலிருப்பதைப் பேசுவோம். முதலாவது காலம். இப்படிப்பட்ட வழக்கை, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தொடுக்கவேண்டும் என்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அரசாங்க ஆஸ்பத்திரியென்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுக்கவேண்டும். துக்கம் ஆறட்டும், திவசம் முடியட்டும் என்று இருப்பவர்களுக்காகச் சட்டம் காத்திருக்காது.

அடுத்தது கடதாசி. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அட்டையை நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பலசரக்குச் சிட்டையோடு சேர்த்து ஆணியில் குத்துகிறோம். வார்ட்டிலே தலைமாட்டில் தொங்கும் டிக்கட் ஆஸ்பத்திரியின் சொத்து, அதை எடுத்துவர முடியாது. ஆனால் தகவல் அறியும் உரிமை பற்றிய 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நோயாளியின் எழுத்து மூலச் சம்மதத்தோடு அவருடைய வைத்தியப் பதிவுகளைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பிறருடையதை அப்படிக் கேட்க முடியாது. சத்திரசிகிச்சைக்கு முன் நீட்டும் தாளிலே, சிங்களமோ ஆங்கிலமோ, வாசிக்காமல் "எங்கே ஐயா ஒப்பம் வைக்க?" என்று கேட்கும் பழக்கத்தையும் விடவேண்டும். என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டால் எந்த நல்ல டொக்டரும் கோபிப்பதில்லை. கோபித்தாலும் பரவாயில்லை.

கடைசியாகச் சொல்வது பெரியவர்களுக்குக் கசக்கும். அந்தத் தாயார் இறந்த அன்று வார்ட்டிலே ஒரு மிஸ், பிரேத பரிசோதனை செய்யவா என்று உறவினரிடம் கேட்டிருக்கிறார். "வெட்டவேண்டாம், முழு உடம்பாகத் தாருங்கள்" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். உடலுக்குச் செய்யும் மரியாதை அது என்று எண்ணினார்கள். அவர்களைக் குறை கூறோம். நம் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருப்போம். ஆனால் எதனால் இறந்தார் என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. புதைத்த உடலை நீதிமன்றம் தோண்டி எடுக்கக் கட்டளையிடலாம். நாம் தகனம் செய்கிறவர்கள். சந்தேகமான மரணத்தில் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் ஒரு சொல் சொல்லி, தகனத்தை ஒரு நாள் தள்ளிவைப்பதால் கிரியைகளுக்குப் பங்கமுண்டா என்று நம் குருக்கள் ஐயாவிடம் கேட்டோம். இறந்த வீட்டிலே மகன் வெளிநாட்டிலிருந்து வரும்வரை மூன்று நாள் வைத்திருக்கிறீர்களே, அதற்கு இல்லாத பங்கம் இதற்கு எங்கிருந்து வந்தது என்று அவர் எம்மையே திருப்பிக் கேட்டார்.

அந்த மகன் வழக்குப் போடவில்லை. போட முடியவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றத்துக்கு வருகிறார். இன்றும் பின்வரிசையில் இருக்கிறார். மன்றத்து அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கித் தரும்படி கேட்டவர் அவரே. வீட்டிலே பத்திரமாக வைக்க இடமில்லாதவர்கள் கிளினிக் கொப்பியையும் அட்டைகளையும் உறையிலிட்டுப் பெயரெழுதி அங்கே வைக்கலாம். அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்ல நம் இளைஞர்கள் இருவர் காலை ஒன்பது மணிமுதல் இருப்பார்கள். பணமில்லாதவர்களுக்காகச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு எழுதவேண்டிய கடிதத்தின் மாதிரியும் அங்கே இருக்கிறது. அலுமாரிச் சாவி செயலாளர் தம்பியிடம்.